ஹாலோவீன் பூசணியைக் குடைய வேண்டாம், வரையலாம்
அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்டோபர் 31 அன்று சிறு குழந்தைகளுடன் ஹாலோவீன் கொண்டாடுவோர், பூசணிக்காயை வழக்கம்போல் குடைந்து முகம் செதுக்குவதற்குப் பதிலாக அதன் தோலின் மேலேயே அழியாத மார்க்கரால் குழந்தைகளை முகம் வரையச் செய்யலாம். குடைந்த காயின் ஈரமான உட்சதை காற்றுபட்டு, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பூஞ்சை பிடித்துச் சுருங்கிவிடும். காம்போடு, கீறலின்றி இருக்கும் முழுக்காயோ குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் பல வாரங்கள் தாங்குவதால், மாதத் தொடக்கத்திலேயே வாங்கி நிதானமாக வரைய முடிகிறது. கத்திக்கும் வேலையில்லை (குடையும் வேலை எப்படியும் பெற்றோர் தலையில்தான் விழுகிறது). உள்ளே விளக்கு ஒளிரும் முகமே வேண்டும் என்பவர்களுக்கு இது உதவாது. அவர்கள் ஓரிரு நாள் முன்பு குடைந்து, மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கை வைப்பது நல்லது. கடும் உறைபனியில் வெளியே கிடந்தால் முழுக்காயும் குழைந்துவிடும். பிறகு சமைக்கும் எண்ணமிருந்தால் மார்க்கரைத் தவிர்த்து ஒட்டுப்படங்களைப் பயன்படுத்தவும்.