கண்ணில் பக்கிள் போடப் போகிறவர்களுக்கும் கூடப் போகிறவர்களுக்கும்

என் தம்பிக்கு இடது கண்ணில் ஸ்க்ளீரல் பக்கிள் ஒப்பரேஷன் நடந்தது. விழித்திரை, அதாவது கண்ணின் உள்ளே பின்பக்கத்தில் படம் விழும் மெல்லிய படலம், கழன்றால் அதை மறுபடி ஒட்ட வைக்கச் செய்வது. கூட நின்றது நான்தான். நான் டொக்டர் இல்லை, உங்கள் கண்ணைப் பார்த்தவர் சொல்வதே கடைசிச் சொல். ஆனால் அவரிடம் எதைக் கேட்க வேண்டும், வீட்டுக்கு வந்த பிறகு எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதை ஒருத்தரும் சேர்த்துச் சொல்லித் தரவில்லை. அதற்குத்தான் இது.

முதலில் ஒரு சோதனை. ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் சுவர்க் கலண்டரைப் பாருங்கள், பிறகு கண்ணை மாற்றுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றில் இருக்கும் குறையை மற்றது மூடிவிடும், அதனால் பலருக்குத் தெரியவே தெரியாது. தம்பி எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாடி கண்ணில் அடி வாங்கினவன். கண் சிவந்தது, ஆறியது, எல்லாரும் மறந்துவிட்டோம். மாதங்கள் கழித்து ஒரு காலை குசினியில் நின்று வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "அக்கா, முருகனுக்குத் தலை இல்லை" என்றான். கலண்டரின் மேல் பக்கம் அவனுக்குக் கறுப்பாக இருந்தது. கீழே விழித்திரை கழன்றால் நிழல் மேலே தெரியும், எல்லாம் தலைகீழ். அதற்கும் முதல் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் மாறிவிட்டது என்று சொல்லிப் புதுக் கண்ணாடி விற்றுவிட்டார்கள், அதில் இரண்டு கிழமை போனது.

மின்னல் மாதிரி வெட்டுவது, திடீரென்று கரும்புள்ளிகள் நிறைய மிதப்பது, திரை இறங்குவது போல நிழல்: இவற்றில் ஒன்று வந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், அன்றைக்கே கண் டொக்டரிடம் போங்கள். கொழும்பில் லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரி, சிகிச்சை இலவசம். தனியாரிடம் போனாலும் சரி, விழித்திரை நிபுணராகப் பார்த்துப் போங்கள். வலி இல்லையே என்று பொறுக்க வேண்டாம், விழித்திரை கழன்றால் வலிக்காது.

சரி, என்னதான் செய்கிறார்கள்? தேர்தல் போஸ்டர் மழையில் நனைந்து சுவரை விட்டுக் கழன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். விழித்திரையில் ஒரு கிழிசல், அதன் வழியாக உள்ளே இருக்கும் திரவம் பின்பக்கம் போய் அதைத் தூக்கிவிடுகிறது. பக்கிளில் போஸ்டரைச் சுவருக்குத் தள்ளாமல் சுவரைப் போஸ்டருக்குத் தள்ளுகிறார்கள். கண்ணின் வெள்ளைப் பகுதிக்கு வெளியே, கண்ணை அசைக்கும் தசைகளுக்கு அடியால் ஒரு சிலிக்கோன் துண்டையோ பட்டியையோ வைத்துத் தைத்து, அந்த இடத்தை உள்ளே அமுக்குகிறார்கள். கிழிசலைச் சுற்றிக் குளிரூட்டித் தழும்பு உண்டாக்கி ஒட்டுகிறார்கள். 1949இல் ஜெர்மனியில் குஸ்டோடிஸ் தொடங்கி வைத்து, 1951இல் அமெரிக்காவில் ஷெப்பன்ஸ் வளர்த்த முறை. இப்போது கண்ணுக்குள்ளே போய் அங்கிருக்கும் ஜெல்லை எடுத்துச் செய்யும் விட்ரெக்டமிதான் அதிகம், ஆனாலும் வயது குறைந்தவர்களுக்கும் அடிபட்டு விழித்திரை ஓரம் பிய்ந்தவர்களுக்கும் பக்கிள் இன்னும் நல்ல வழி. கண்ணை வெளியே எடுத்து வைத்துச் செய்வார்கள் என்று எங்கள் பெரியம்மா சொன்னது பொய், யார் சொன்னாலும் பொய்.

ஒப்பரேஷனுக்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள், பதிலை ஒரு கொப்பியில் எழுதுங்கள். நடுப்பார்வைப் பகுதியான மக்கியூலா ஒட்டியிருக்கிறதா, கழன்றுவிட்டதா? ஒட்டியிருந்தால் அவசரம் இன்னும் கூட, கழன்றிருந்தால் ஒப்பரேஷன் சரிவந்தாலும் பழைய பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம். ஒரு துண்டு மட்டுமா, கண்ணைச் சுற்றிப் பட்டியா? சுற்றிப் போட்டால் கண் கொஞ்சம் நீளும், கிட்டப்பார்வை கூடும். விழித்திரையை அமுக்கிப் பிடிக்க உள்ளே வாயு விடுவீர்களா? விழித்திரைக்குப் பின்னால் தேங்கின திரவத்தை ஊசியால் வெளியே எடுப்பீர்களா? எடுத்தால் உள்ளே இரத்தம் கசிய ஒரு சிறு வாய்ப்பு இருக்கிறது.

வாயு விட்டிருந்தால் கவனம். உயரம் போகப் போக அது விரிந்து கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும், பார்வையே போகலாம். விமானம் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுவதும் அதே கதைதான், 1,868 மீற்றர். ஓய்வுக்குக் குளிர் ஊருக்குப் போவோம் என்று யாராவது அன்பாகச் சொல்வார்கள், போகாதீர்கள். வாயுவின் வகையைப் பொறுத்து இரண்டு கிழமை முதல் இரண்டு மாதம் வரை இருக்கும், கரைந்துவிட்டது என்று டொக்டர் சொல்லும்வரை கொழும்பு வெயிலே போதும். வேறு எதற்காவது மயக்க மருந்து தர வந்தாலும் கண்ணில் வாயு இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.

அடுத்த நாள் கட்டை அவிழ்க்கும்போது பதறாதீர்கள். இமை வீங்கி, வெள்ளை முழுக்க இரத்தச் சிவப்பாக, காலையில் பீளை ஒட்டிக்கொண்டு, கண்ணை உருட்டினால் வலித்துக்கொண்டு இருக்கும். இதெல்லாம் வழமை, இரண்டு மூன்று கிழமையில் இறங்கும். சொட்டு மருந்து இரண்டு மூன்று வகை தருவார்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம் இடைவெளி, இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். தலை முழுகுவதைத் தள்ளிப் போடுங்கள், வெள்ளவத்தைக் கடலில் இறங்குவதையும். நாங்கள் நினைக்காத ஒன்று திருநீறு: கோயிலில் நெற்றியில் பூசினது கண்ணுக்குள் கொட்டித் தம்பி துடித்துப் போனான். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் என்று யார் கொண்டுவந்தாலும் வாங்கி வையுங்கள், கண்ணில் விடாதீர்கள்.

வழமை இல்லாதது இது. மாத்திரைக்கு அடங்காத வலியோடு தலையிடி, வாந்தி, பார்வை மங்கல் வந்தால் கண்ணழுத்தம் ஏறியிருக்கலாம், இரவென்றாலும் போங்கள். தெளிந்து வந்த பார்வை மறுபடி மங்கினாலும் நிழல் திரும்பினாலும் அன்றைக்கே போக வேண்டும். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஒரே ஒப்பரேஷனில் விழித்திரை ஒட்டிக்கொள்ளும், மிச்சப் பேருக்குப் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் உள்ளே தழும்பு படர்ந்து மறுபடி இழுத்துவிடும். நேரான ஜன்னல் கம்பி வளைந்து தெரிந்தால் மக்கியூலா மேல் சவ்வு சுருங்கியிருக்கலாம், அதையும் காட்டுங்கள்.

இரட்டையாகத் தெரிவது தம்பியை மூன்று கிழமை ஆட்டி வைத்தது, ஒரு பிளேன்டீ இரண்டு கோப்பையாகத் தெரிந்து, தவறான கோப்பையைப் பிடிக்கப் போவான். தசை வீக்கம்தான், தானாகவே போனது. மாதக்கணக்கில் நின்றால் இரண்டு உருவத்தை ஒன்றாக்கிக் காட்டும் பிரிசம் கண்ணாடி, தேவைப்பட்டால் தசை ஒப்பரேஷன்.

பட்டி பொதுவாக ஆயுளுக்கும் உள்ளேயே இருக்கும். அதனால் வருடங்கள் கழித்தும் தொற்று வரலாம், மெல்ல வெளியே தள்ளிக்கொண்டும் வரலாம். அந்தக் கண் மட்டும் திரும்பத் திரும்பச் சிவந்து பீளை தள்ளினால், வெள்ளையில் ஏதோ விளிம்பு தெரிந்தால், பாமசியில் சொட்டு மருந்து வாங்கிக் காலம் கடத்தாதீர்கள். தொற்றுப் பிடித்த பட்டியைக் கழற்றினால்தான் பெரும்பாலும் ஆறும். அன்றைக்குப் பார்க்கிற டொக்டருக்குப் பழைய கதை தெரியாது, ஆகவே ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது தருகிற டயக்னோசிஸ் கார்டைப் போனில் படம் பிடித்து வையுங்கள், எங்கள் வீட்டில் அசல் கார்டில் தேத்தண்ணி ஊற்றியாகிவிட்டது.

புதுக் கண்ணாடிக்கு இரண்டு மூன்று மாதம் பொறுங்கள், அதுவரை பவர் நிலையாக நிற்காது. தம்பிக்கு இடது கண்ணில் பவர் இரண்டு கூடியிருக்கிறது. இந்த முறை கிளினிக்கில் எழுதிக் கொடுத்த துண்டோடு வேறு கடைக்குப் போனோம்.