செஸ்ஸில் ஜெயிக்கிறவன் மேதையா? வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பையன் டீக்கடை பெஞ்சில் இரண்டு பெரியவர்களைத் தோற்கடித்தால் போதும், "இவனுக்கு ஐக்யூ ஜாஸ்தி" என்று பேச்சு கிளம்பிவிடும். சரி, ஒரு சோதனை செய்யுங்கள்.

நிஜ ஆட்டம் ஒன்றின் இருபதாவது நகர்த்தல் வாக்கில் வந்த நிலையைப் பலகையில் அடுக்கி, ஐந்து வினாடி காட்டிவிட்டுத் துண்டால் மூடி, வேறொரு பலகையில் அதை அப்படியே அடுக்கச் சொல்லுங்கள். நன்றாக ஆடுகிறவன் நிறையக் காய்களைச் சரியாக வைத்துவிடுவான். அப்புறம் அதே காய்களைக் கைபோன போக்கில் கலைத்து வைத்துக் காட்டுங்கள். திணறுவான். 1973இல் சேஸ், சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்தபோது மாஸ்டர் தரத்து ஆட்டக்காரருக்கே இந்தக் கதிதான். கோட்டை கட்டிய ராஜா, முன்னால் மூன்று சிப்பாய், பக்கத்தில் யானை என்பதை நன்றாக ஆடுகிறவர்கள் ஐந்து காய்களாகப் பார்ப்பதில்லை, ஒரே உருவமாகப் பார்க்கிறார்கள்; அது ஆடி ஆடி வருவது.

அறிவுக்குச் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, கொஞ்சம். 2016இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சிறுவர்களிடமும் கற்றுக்குட்டிகளிடமும்தான் அது கூடுதலாகத் தெரிந்தது. திருச்சூர்ப் பக்கம் மரோட்டிச்சாலில் ஊரே செஸ் ஆடுகிறது, எல்லோரும் மேதையாகப் பிறந்தார்களா என்ன!

ஐக்யூ டெஸ்டுக்குப் பணம் கட்டாதீர்கள். நகர்த்தல்களை நோட்டில் எழுதவையுங்கள், தோற்ற ஆட்டத்தை மறுநாள் திரும்ப ஆடிப் பார்க்கட்டும்.