விவாகரத்து என்றால் வீடு யாருக்கு, நகை யாருக்கு? சேலத்துக்காரர்களுக்குச் சில விஷயங்கள்

"பிரிஞ்சா சொத்துல பாதி வந்துடும்" என்று சொந்தத்தில் யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியதெல்லாம் இருவருக்கும் பொது என்ற சட்டம் நம் நாட்டில் இல்லை. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ சொத்து அவருடையது, இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூட, கல்யாணத்தை ஒட்டி இருவருக்கும் சேர்த்து வந்த பொருட்களைப் பற்றித்தான் பேசுகிறது.

அதனால் வக்கீலைப் பார்க்கும் முன்பே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பாருங்கள், பட்டாவையும் எடுத்து வையுங்கள். அழகாபுரத்து வீடு யார் பெயரில், ஏற்காட்டுக் காபித் தோட்டம் இன்னும் மாமனார் பெயரிலேயே இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். மாமனார் பெயரில் இருந்தால் மருமகளுக்கு அதில் பங்கு கிடையாது. உண்மையிலேயே பூர்வீகச் சொத்து என்றால் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு, பெண் பிள்ளைக்கும்தான் (தாத்தா பெயரில் இருந்ததெல்லாம் பூர்வீகம் ஆகிவிடாது, அதை வக்கீலிடம் கேளுங்கள்).

நகை விஷயம் வேறு. பெண்ணுக்குப் போட்ட நகையும் சீராகக் கொடுத்ததும் சீதனம், முழுக்க அவளுக்கே சொந்தம். கஷ்டகாலத்தில் கணவன் எடுத்துப் பயன்படுத்தியிருந்தாலும் திருப்பித் தந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024இலும் சொல்லியிருக்கிறது. ஆனால் எத்தனை பவுன் என்று வாயால் சொன்னால் போதாது, நகைக்கடை பில், கல்யாண ஆல்பம், லாக்கர் விவரம், இவற்றோடு பலர் குப்பையில் போட்டுவிடும் அடகு ரசீதும் வேண்டும். நம் ஊரில் மனைவியின் நகையை வைத்துத் தறி வாங்குவதும், கொலுசுப் பட்டறைக்கு வெள்ளி எடுப்பதும் சாதாரணம், அப்புறம் தறி கணவன் பெயரில் ஓடும், நகை மீண்டு வரவே வராது. அடகு வைத்த தேதியும் தறி வாங்கிய தேதியும் அடுத்தடுத்து இருந்தால் அந்தத் துண்டு ரசீதுதான் உங்கள் பலமான சாட்சி. தறியில் பங்கு கேட்டு இழுப்பதைவிட நகையின் மதிப்பைக் கேட்பது சுலபம் என்பது என் எண்ணம்.

வீட்டுத் தவணை கணவன் கட்டினான், அரிசி பருப்பிலிருந்து ஸ்கூல் ஃபீஸ் வரை மனைவி பார்த்துக்கொண்டாள் என்றால்? 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பத்தலைவியின் உழைப்பும் சொத்து சேர்த்ததில் பங்களிப்புதான் என்று சொல்லி ஒரு பெண்ணுக்குச் சம பங்கு கொடுத்தது. அது விவாகரத்து வழக்கு அல்ல, அதைக் காட்டி வாதாடலாம், தானாகப் பாதி வந்துவிடாது. மறுபக்கம், கணவன் தன் கணக்கில் வந்த பணத்தில் மனைவி பெயரில் வாங்கியிருந்தால் அடுத்தவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமிச் சட்டம், அது தன்னுடையது என்று அவன் கேட்பதைத் தடுக்காது, பணம் போன வழியை மட்டும் காட்ட வேண்டும். ஜீவனாம்சம் கேட்கும் வழக்கில், 2020இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, இருவருமே சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், மறைத்தால் மாட்டிக்கொள்வார்கள்.

பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறீர்களா? சரி, வீட்டை ஒருவர் மற்றவருக்கு எழுதித் தருவதாக இருந்தால் தீர்ப்பு வரும் முன்பே செட்டில்மென்ட் பத்திரமாக, வீடு இருவர் பெயரிலும் கூட்டாக இருந்தால் விடுதலைப் பத்திரமாக (தன் பங்கை விட்டுக்கொடுப்பது) எழுதிவிடுங்கள். கணவன் மனைவியாக இருக்கும்வரை நீங்கள் குடும்பம், 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. பிரிந்த பிறகு வேற்றாளுக்கு விற்பது போல எழுதினால் 7 சதவீதமும் 2 சதவீதமும், அதாவது 50 லட்சம் வீட்டுக்கு நாலரை லட்சம். ஆனால் எழுதிக் கொடுத்த பிறகு எதிராளி சம்மதத்தை வாபஸ் வாங்கினால் சிக்கல், பத்திரத்தை ஒருதலையாக ரத்து செய்யவும் முடியாது. அதனால் நீதிமன்றத்தில் இரண்டாவது முறை சம்மதம் சொல்லும் நாளை ஒட்டியே பதிவை வையுங்கள்.

இருவரும் சேர்ந்து வாங்கிய வீட்டுக்கடன் பாக்கி இருந்தால் இன்னொரு வேலை உண்டு. உங்களுக்குள் என்ன ஒப்பந்தம் போட்டாலும் வங்கிக்கு இருவருமே கடன்காரர்கள், தவணை தவறினால் வீட்டை விட்டுப் போனவரின் சிபில் ஸ்கோரும் விழும். மூலப்பத்திரமும் வங்கியிடம்தான். கடனை ஒருவர் பெயருக்கு மாற்றி வங்கி கடிதம் கொடுக்காமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் போடாதீர்கள்.