ழான் கபேன் படங்களைப் பார்க்கத் தொடங்குவது எப்படி: 10 படங்கள், 5 வாரங்கள்

பிரெஞ்சு நடிகர் ழான் கபேன் 1930இல் தொடங்கி 1976இல் இறக்கும்வரை ஏறத்தாழ 95 படங்களில் நடித்தார். முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் நான்காவது படத்திலேயே சலித்துவிடும். அந்தத் தொடக்க காலப் படங்களில் இருப்பவர் ஃபோலி பெர்ழேர், மூலான் ரூழ் என்ற பாரிஸ் கேளிக்கை அரங்குகளின் மேடைகளிலிருந்து நேரே வந்த பாட்டுக்கார இளைஞர். அப்பா அம்மா இருவருமே மேடைக் கலைஞர்கள், கபேன் என்பதே அப்பாவின் மேடைப்பெயர்தான், குடும்பப்பெயர் மோன்கோர்ழே. நமக்குத் தேவையான நடிகர் 1935 வாக்கில்தான் உருவாகிறார். அதனால் பத்தே படங்கள், வாரத்துக்கு இரண்டு. வரிசை கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும், காரணம் போகப் போகத் தெரியும்.

படத்துக்கு முன்னால் பிரதியைப் பாருங்கள். கபேன் அதிகம் கையை ஆட்டுவதில்லை, முகத்தைக் கோணுவதில்லை. தாழ்ந்த குரல், அசையாத தலை, ஒரு பார்வை, அவ்வளவுதான் அவர் முதலீடு. குரல் கெட்டால் பாதி நடிப்பு போயிற்று.

குரலைக் கெடுப்பது பெரும்பாலும் வேகம். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகிறது. பால் (PAL) என்ற ஐரோப்பாவின் பழைய தொலைக்காட்சி முறை டிவிடியில் அதையே 25 ஆக ஓட்டுவார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் குரல் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். வேறு நடிகரிடம் இது தெரியாமல் போகலாம், கபேனிடம் உடனே காதில் விழும். ப்ளூரேயில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஒரே படம் இரண்டு வடிவத்திலும் கிடைத்தால் நீளம் கூடுதலாக இருப்பதை எடுங்கள்.

அடுத்தது சட்டகம். இந்தப் பட்டியலில் உள்ள முப்பதுகளின் படங்கள் ஐந்தும் 1.37க்கு 1 என்ற, சதுரத்தை ஒட்டிய சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. அகலமான தொலைக்காட்சியில் இடமும் வலமும் கறுப்புப் பட்டை தெரிந்தே ஆக வேண்டும். தெரியவில்லை என்றால் படத்தை இழுத்திருக்கிறார்கள், அல்லது மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். பட்டியலில் வரும் ரயில் படமான ‘லா பெத் உமேன்’ கையில் இருந்தால் ரயில் சக்கரத்தைப் பாருங்கள்: வட்டமாக இருந்தால் சரி, கோழிமுட்டை மாதிரிப் படுத்திருந்தால் தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பை மாற்றுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். ஆங்கிலக் குரல் பதிவை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள்.

சப்டைட்டிலில் தமிழ் வாசகருக்கு ஒரு சாதகம் உண்டு. பிரெஞ்சில் ‘து’ என்பது நம் நீ, ‘வூ’ என்பது நம் நீங்கள். ஆங்கில சப்டைட்டிலில் இரண்டும் ஒன்றாகிவிடும். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் இந்த இரண்டு சொற்களுக்கு மட்டும் காதைத் தீட்டி வைத்திருங்கள். யார் யாரை எப்போது நீ என்கிறார்கள், யார் கடைசிவரை நீங்கள் என்றே நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதில் பாதிக் கதை ஓடுகிறது. புதுச்சேரியிலோ சென்னையிலோ வகுப்பில் பிரெஞ்சு கற்றவர்களுக்கும் சப்டைட்டில் வேண்டியிருக்கும். ஐம்பதுகளின் படங்களில் கபேன் பேசுவது பாரிஸ் ரவுடிகளின் கொச்சை, பாடப்புத்தகத்தில் அது வராது.

முதல் வாரம் இரண்டே வேலை. முதலில் ‘பெப்பே ல மோக்கோ’, 1937, இயக்கம் ழூலியன் துய்விவியே. அல்ஜியர்ஸின் கஸ்பா சந்துகளில் ஒளிந்திருக்கும் திருடன். உள்ளே இருக்கும்வரை ராஜா, வெளியே கால் வைத்தால் போலீஸ். சந்துகளில் பெரும்பகுதி ஸ்டூடியோவில் கட்டியவை. ஃப்ரேயேல் என்ற பழைய பாடகி கிராமஃபோனில் தன் இளமைக் காலப் பாட்டைப் போட்டு, கூடவே பாடும் இடத்தில் கபேனையும் பாருங்கள். அவர் ஒன்றுமே செய்யவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டு நாள் விட்டு, 17 ஆண்டுகளைத் தாண்டி ‘துஷே பா ஓ க்ரிஸ்பி’, 1954, இயக்கம் ழாக் பெக்கேர். ‘க்ரிஸ்பி’ என்றால் திருட்டுலகக் கொச்சையில் பணம், கொள்ளைப் பொருள். அதே திருடன்தான் வயதாகி வந்தது போல இருக்கும்: தலை நரைத்து, உடம்பு கனத்து, இரவு பன்னிரண்டு ஆனால் வீட்டுக்குப் போகத் துடிக்கும் மனிதர். இந்தப் படத்தின் உச்சம் துப்பாக்கிச் சண்டையில் இல்லை. கபேனின் பாத்திரமான மாக்ஸும் நண்பன் ரித்தோனும் ராத்திரியில் ரஸ்க் மாதிரியான ரொட்டியில் இறைச்சி விழுதைத் தடவித் தின்கிறார்கள், வெள்ளை ஒயின் குடிக்கிறார்கள், பைஜாமா மாற்றுகிறார்கள், பல் தேய்க்கிறார்கள். வேகமாக ஓட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் சரியாக இந்த இடத்தில்தான் ஓட்டிவிடுவார்கள். மல்யுத்த வீரராக இருந்த லீனோ வெந்துரா சினிமாவுக்கு வந்த முதல் படமும் இதுவே.

இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நடுவில் என்ன நடந்தது என்ற கேள்வி தானாக எழும். பதில் போர். 1941இல் அமெரிக்கா போனார். அங்கே நடித்த இரண்டு படங்களையும் தயங்காமல் தாண்டிவிடலாம், ஆங்கிலத்தில் அவருடைய குரலுக்குப் பிடிமானமே இல்லை. 1943இல் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். பிறகு லெக்லேர் தளபதியின் இரண்டாம் கவசப் பிரிவில் ‘சூஃப்ளேர் 2’ என்ற பீரங்கி வண்டிக்குத் தலைவராக இருந்து ஜெர்மனிவரை போனார். திரும்பி வந்தபோது நாற்பதைத் தாண்டிய நரைத்தலை மனிதர். நடிகை மார்லீன் டீட்ரிக்குடன் நடித்த 1946ஆம் ஆண்டுப் படம் விழுந்தது. அடுத்த எட்டு ஆண்டுகள் பெரும்பாலும் தள்ளாட்டம். 1951இல் கண் பார்வையை இழந்த ரயில் ஓட்டுநராக நடித்து வெனிஸ் பட விழாவில் விருது வாங்கியும்கூடப் பெரிய வசூல் திரும்பவில்லை, ‘க்ரிஸ்பி’தான் திருப்பிக் கொடுத்தது.

இப்போது பின்னோக்கிப் போகலாம். இரண்டாம், மூன்றாம் வாரங்கள் முப்பதுகளுக்கு.

‘லா கிராந்த் இல்யூசியோன்’, 1937, ழான் ரெனுவார். முதல் உலகப்போரின் கைதி முகாம். கபேன் அணிந்திருக்கும் விமானிச் சட்டை, அதே போரில் விமானியாக இருந்த ரெனுவாருடையது. முழு நீளம் ஏறத்தாழ 114 நிமிடம், பால் வேகத்தில் 109. அதற்கும் குறைந்தால் வெட்டுப்பட்ட பிரதி. இதன் மூல நெகட்டிவை ஜெர்மானியர் பெர்லினுக்கு எடுத்துச் சென்றனர். போர் முடிவில் அது மாஸ்கோவுக்குப் போனது. அறுபதுகளில் பிரான்சின் துலூஸ் நகரத் திரைப்பட ஆவணக்காப்பகத்துக்குத் திரும்பியும், அதுதான் மூலம் என்று வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. அதிலிருந்து செய்த சீரமைப்பையே தேடி எடுங்கள், மற்றவற்றில் முகங்கள் சாம்பலாகக் கிடக்கும். மொழிகளையும் கவனியுங்கள். உயர்குடி அதிகாரிகள் இருவர் மற்றவர்களுக்குப் புரியாமலிருக்க ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். ஒன்றரை ஆண்டு சேர்ந்திருந்தும் ஏன் இன்னும் நீங்கள் என்கிறாய் என்று கபேனின் பாத்திரம் கேட்கும் இடம் தமிழ்க் காதுக்கு விளக்கமே இல்லாமல் போய்ச் சேரும்.

‘லெ கே தே ப்ரூம்’, 1938, மார்செல் கர்னே. படையிலிருந்து ஓடிவந்தவன், ல ஆவ்ர் துறைமுகம், மூடுபனி. மிஷேல் மோர்கனின் கண்களைப் பற்றிக் கபேன் சொல்லும் ஒற்றை வரி பிரான்சில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. அவர் நீ என்று பேச, அவள் நீங்கள் என்று பதில் சொல்கிறாள். அங்கேயும் காதைக் கொடுங்கள். கறுப்பு கறுப்பாகவும் பனி பனியாகவும் தெரியாத மலிவுப் பிரதியில் இந்தப் படத்தைப் பார்ப்பது வீண்.

அதே ஆண்டின் ‘லா பெத் உமேன்’, மறுபடி ரெனுவார். தொடக்கத்தில் சில நிமிடங்கள் வசனமே இல்லை. பாரிசிலிருந்து ல ஆவ்ருக்கு நீராவி எஞ்சின் ஓடுகிறது, இரைச்சலில் ஓட்டுநரும் நெருப்புக்காரரும் கைச்சாடையில் பேசிக்கொள்கிறார்கள். கபேன் எஞ்சின் ஓட்டக் கற்றுக்கொண்டு தானே ஓட்டினார். பாரிசுக்கு வடக்கே மெரியேல் கிராமத்தில் ரயிலைப் பார்த்து வளர்ந்த பையன் அவர், அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரிகிறது. ஒலியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

‘ல ழூர் ஸ லேவ்’, 1939 ஜூன், மீண்டும் கர்னே. கொலை செய்துவிட்டு மாடி அறையில் தாழிட்டுக்கொண்ட தொழிலாளியின் ஓர் இரவு. கதை முன்னும் பின்னும் தாவுவது அன்று புதுமை. ரசிகர்கள் குழம்புவார்கள் என்று பயந்து தொடக்கத்திலேயே ஒரு விளக்க அட்டை போட்டார்கள், இன்று அதைப் படிக்கவே வேண்டாம். ஜெர்மானியரோடு ஒத்துப்போன பிரான்சின் விஷி அரசு படத்தைத் தடை செய்தது, சில காட்சிகளும் வெட்டுப்பட்டன. பிறகு ஹாலிவுட்டின் ஆர்கேஓ நிறுவனம் ஆங்கில மறு ஆக்கத்துக்காக உரிமையை வாங்கிப் பழைய பிரதிகளை ஒழிக்கப் பார்த்தது. வெட்டியதைச் சேர்த்த சீரமைப்பு 2014இல் வந்தது, வாங்கும்போது அந்த ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். கடைசியாகச் சொன்ன இந்த மூன்று சோகப் படங்களையும் ஒரே வார இறுதியில் பார்க்காதீர்கள். விதி, மழை, துப்பாக்கி எல்லாம் கலந்து ஒரே படமாகிவிடும்.

நான்காம் வாரம் கொஞ்சம் மூச்சுவிட. ‘லா த்ராவெர்சே த பாரி’, 1956: ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருக்கும் பாரிசின் குறுக்கே இரவில் நான்கு பெட்டிகளில் கள்ளச்சந்தைப் பன்றி இறைச்சியைச் சுமக்கும் இருவர். அசையாத கபேனைப் பார்த்துப் பழகியபின், நிலவறையில் அவர் போடும் கூச்சலைக் கேட்கவேண்டும், அந்த வரிசையில் கேட்டால்தான் அதன் எடை தெரியும். கூட நடித்த பூர்வில்தான் வெனிஸில் விருது வாங்கினார், நியாயமான விருது. அடுத்து மெக்ரே. நாவலாசிரியர் சிமெனோனின் அந்தத் துப்பறியும் போலீஸ் அதிகாரியாக மூன்று முறை நடித்தார்: 1958, 1959, 1963. முதல் படமான ‘மெக்ரே தான் ஆன் பியேழ்’ போதும், பிடித்தால் இரண்டாவது. மூன்றாவது சோம்பல்.

கடைசி வாரத்துக்கு முன் ஓர் எச்சரிக்கை. அறுபதுகளில் கபேன் பெரும்பாலும் கபேனாகவே வந்து போனார். வசனகர்த்தா மிஷேல் ஓதியார் எழுதிக்கொடுத்த நீண்ட பேச்சுகளை பிரெஞ்சுக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். சப்டைட்டிலில் அந்தச் சுவை பாதிகூட வராது. ஆகவே இந்தக் காலத்துக்கு ஒன்றே ஒன்று: ‘அன் சேன்ழ் ஆன் இவேர்’, 1962. குடியை விட்ட விடுதிக்காரர், அவரிடம் வந்து தங்கும் இளம் குடிகாரராக நடிகர் பெல்மோந்தோ, நார்மண்டிக் கடற்கரையில் வாணவேடிக்கை. ஆங்கிலத் தலைப்பில் ‘மங்கி இன் விண்டர்’ என்று தேடினால் கிடைக்கும். அலேன் தெலோனுடன் நடித்த கொள்ளைப் படங்கள் பொழுதுபோக, பட்டியலுக்கு வெளியே.

பத்தாவது ‘ல ஷா’, 1971. இடிபடும் புறநகரில் மிஞ்சியிருக்கும் வீடு, ஒருவரோடொருவர் பேசாமல் துண்டுச்சீட்டு எழுதிக்கொள்ளும் கிழத் தம்பதி. மனைவி சிமோன் சின்யோரே. பெர்லின் விழாவில் இருவருக்கும் நடிப்பு விருது. இதை எந்தக் காரணத்துக்காகவும் முதலில் பார்த்துவிடாதீர்கள். ‘பெப்பே’யின் இளமை உங்கள் கண்ணில் இருக்கும்போதுதான் இந்த வீட்டின் மௌனம் தாங்கமுடியாததாக இருக்கும். இரவில் தனியாகப் பாருங்கள், அலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.