கரண்ட் போய் வந்தாலும் பிரிண்டர் முகவரி மாறாமலிருக்க

கடலூரில் ஐப்பசி மழைக்குக் கரண்ட் போய் வந்ததும் ஆபீஸ் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால், அவசரப்பட்டு டிரைவர் மென்பொருளை அழிக்காதீர்கள். பெரும்பாலும் ரவுட்டர் அதற்கு வேறு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதைக் கண்டறியும் எண்) கொடுத்திருக்கும்.

பிரிண்டரின் நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்செடுத்து, எண்ணும் எழுத்தும் கலந்த 12 இடங்கொண்ட மேக் முகவரியைக் (கருவியின் சொந்த அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு வேறொன்று இருக்கும். பலர் சறுக்குவது இங்கேதான். எதில் இணைத்திருக்கிறீர்களோ அதை எடுங்கள். ரவுட்டரில் ஐபி முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபி பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ போய், அந்த மேக்குக்கு யாரும் பயன்படுத்தாத ஒரு முகவரியை, உதாரணமாக 192.168.1.50, ஒதுக்குங்கள். பிரிண்டரில் ஐபி அமைப்பை ‘ஆட்டோ’விலேயே விட்டு, அதை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

விண்டோஸில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ் போய், ‘ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி’ போர்ட்டில் அதே முகவரியைக் கொடுங்கள். பழைய முகவரியுள்ள போர்ட்டையே தேர்வில் விட்டுவைத்தால் பிரிண்ட் போகாது.