ஆபீசுக்கு இன்டர்நெட் போன் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

இன்டர்நெட் வழியாக ஓடும் போன் சிஸ்டம் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "மாசம் எவ்வளவு?" அடுத்து "ஐ.வி.ஆர். ('தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்று சொல்லும் குரல்) உண்டா, ரெக்கார்டிங் உண்டா?" இரண்டுக்கும் விற்பவரிடம் நல்ல பதில் இருக்கும். பின்னால் தலைவலி கொடுப்பவை அவருடைய விலைப்பட்டியலில் இல்லாதவை: பழைய நம்பர், ரவுட்டர், கரண்ட், பாஸ்வேர்டு.

நம்பரில் செய்யும் தவறைத்தான் திருத்தவே முடியாது. போர்டிலும் பில் புத்தகத்திலும் வருஷக்கணக்காக அச்சடித்த 044, 0422 எண்ணைப் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எண் மாறாமல் கம்பெனி மாறும் வசதி 2011-இல் நாடு முழுக்க வந்தது. ஆனால் அது மொபைலுக்குத்தான். லேண்ட்லைனை சரண்டர் செய்தால் அந்த எண் போயே போச்சு. எனவே பழைய லைனைக் குறைந்த வாடகைத் திட்டத்தில் வைத்துக்கொண்டு, வரும் அழைப்புகளைப் புது எண்ணுக்கு ஃபார்வர்டு செய்துவிடுங்கள். அழைப்புகளை எக்ஸ்டென்ஷன்களுக்குப் பிரித்துவிடும் பி.பி.எக்ஸ். பெட்டி ஆபீசிலேயே இருக்கிறது என்றால், பழைய லைனை அதோடு இணைக்கும் எஃப்.எக்ஸ்.ஓ. கேட்வே ஒன்று வாங்கி அதில் பழைய ஒயரைச் செருகிக்கொள்ளலாம்.

"எங்களிடம் 100 எம்.பி.பி.எஸ். லைன் இருக்கிறதே, போதாதா?" வேகம் தாராளமாகப் போதும். குரலை டிஜிட்டலாக்கும் வழக்கமான ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 85 கே.பி.பி.எஸ். போதும், பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு எம்.பி.பி.எஸ். தாண்டாது. சிக்கல், குரல் சீராகப் போய்ச் சேர்வதில் இருக்கிறது. குரல் பெரும்பாலும் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பொட்டலமாகப் போகிறது. சாயங்காலம் அக்கவுண்ட்ஸ் பிரிவில் டேலி பேக்கப்பை இணைய டிரைவில் ஏற்றத் தொடங்கினால், அந்தப் பெரிய ஃபைலுக்குப் பின்னால் குரல் பொட்டலங்கள் ரவுட்டரில் வரிசை கட்டி நிற்கும். உங்களுக்கு எதிர்முனை தெளிவாகக் கேட்கும். அவரோ "சார், உங்க குரல் விட்டு விட்டு வருது" என்பார். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு.வின் பரிந்துரை. அதற்கு ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை தரும் கியூ.ஓ.எஸ். அமைப்பு வேண்டும். பல வீட்டு ரவுட்டர்களில் அது பெயருக்குத்தான் இருக்கும்.

ரவுட்டரில் இன்னொரு வில்லன் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. எஸ்.ஐ.பி. என்பது இன்டர்நெட் அழைப்பைத் தொடங்கி முடிக்கும் முறை; உதவி செய்வதாக நினைத்து அந்த அழைப்புத் தகவலைத் திருத்தி எழுதும் ரவுட்டர் வசதி இது. மணி அடிக்கும், எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும். அல்லது நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போது சுமார் 32 செகண்டில் கட் ஆகும். இப்படி நடந்தால் போனை மாற்றக் கிளம்பாமல் முதலில் அதை அணைத்துப் பாருங்கள்.

அப்புறம் கரண்ட். பழைய செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது; ஊரே இருட்டானாலும் டயல் டோன் இருந்தது. இன்டர்நெட் போனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தமிழ்நாட்டில் பராமரிப்பு மின்தடை என்று காலை ஒன்பது மணிக்குப் போனால் மதியம் தாண்டித்தான் கரண்ட் வரும். கம்ப்யூட்டருக்கெல்லாம் யு.பி.எஸ். போட்ட ஆபீசில், வாசல் பக்கம் தொங்கும் ஃபைபர் பெட்டி மட்டும் நேரடி பிளக்கில் இருக்கும்! ஃபைபர் பெட்டி, ரவுட்டர், சுவிட்ச் மூன்றும் யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். சுவிட்ச் பி.ஓ.இ. வகை என்றால், அதற்கேற்ற மேஜை போன்களுக்கு லேன் கேபிளிலேயே மின்சாரம் போய்விடும். லைனே செத்தால் அழைப்பு எந்த மொபைலுக்குப் போக வேண்டும் என்பதையும் முதல் நாளே பதிந்துவிடுங்கள்.

இருபது ஊழியர்களுக்கு இருபது சேனல் (ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஓர் அழைப்பு) வாங்குவது வீண். உச்ச நேரத்தில் ஒரே சமயம் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எண்ணுங்கள். ஆனால் ஒன்று: இசை கேட்டுக்கொண்டு காத்திருப்பவரும் ஒரு சேனலைப் பிடித்துவைத்திருக்கிறார். வந்த அழைப்பை ஊழியரின் மொபைலுக்குத் திருப்பினால் பெரும்பாலும் இரண்டு சேனல் போகும், அவுட்கோயிங் காசும் சேரும். (மூன்று பேர் ஆபீசுக்கு இதெல்லாம் எதற்கு? ஒரு நல்ல மொபைல் எண் போதும் என்பேன்.) மேஜை போனே வேண்டாம், ஆப் போதும் என்பவர்கள் ஆண்ட்ராய்டில் அந்த ஆப்புக்கு பேட்டரி கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். இல்லையென்றால் மணியே அடிக்காமல் மிஸ்டு கால் மட்டும் நிற்கும்.

பாஸ்வேர்டில் மெத்தனம்தான் பணத்தைத் தின்னும். எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101 என்று வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஸ்.ஐ.பி. வழக்கமாகப் பயன்படுத்தும் வாசலான 5060 போர்ட் திறந்திருக்கிறதா என்று இணையத்தைத் துழாவிக்கொண்டே இருக்கும் மென்பொருள்கள் உண்டு. மாட்டினால், ஆபீஸ் பூட்டியிருக்கும் சனி, ஞாயிறில் உங்கள் கணக்கிலிருந்து அதிகக் கட்டணம் பிடிக்கும் வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பு பறக்கும். திங்கட்கிழமை பில் உங்கள் தலையில். ஐ.எஸ்.டி. தேவையில்லை என்றால் கம்பெனியிடமே சொல்லி அடைத்துவிடுங்கள். தேவையென்றால் தினசரி உச்சவரம்பு வையுங்கள்.

ரொம்ப மலிவாக ஒருவர் வெளிநாட்டு நிமிடங்கள் விற்றால் விலகுங்கள். சிம் பாக்ஸ் (பல சிம் கார்டு செருகிய பெட்டி) வைத்து வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்புபோலத் திருப்பிவிடும் கூட்டமாக இருக்கலாம்; போலீஸ் வந்தால் உங்களையும் விசாரிக்கும். லைன் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெயரில்தான் வருகிறதா என்று பில்லில் பாருங்கள். அதே லைனில் விளம்பர அழைப்பும் செய்யலாம் என்று சேல்ஸ் டீம் ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள். பதிவு செய்யாமல் எஸ்.ஐ.பி., பி.ஆர்.ஐ. போன்ற பல சேனல் கொண்ட ஆபீஸ் லைன்களில் அப்படி அழைப்பவர்களின் எல்லா இணைப்புகளையும் துண்டித்து, இரண்டு வருஷம் வரை கறுப்புப் பட்டியலில் வைக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஆகஸ்டில் உத்தரவிட்டது.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வாரம் சோதனைக்குக் கேளுங்கள். பரபரப்பான நேரத்தில், மேலே சொன்ன பேக்கப் ஓடும்போதே பேசிப் பாருங்கள். பழுது வந்தால் இன்டர்நெட் கம்பெனி போன் கம்பெனியைக் கைகாட்டும், அது ரவுட்டரைக் கைகாட்டும். யார் வந்து பார்ப்பார்கள், எத்தனை மணி நேரத்தில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சிஸ்டத்தின் அட்மின் பாஸ்வேர்டும், இன்ஸ்டால் செய்தவர் கிளம்புமுன், உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.