தாங்களே வெளியிடுறவங்க புக்ஸை தேடிப் பிடிக்கிறது எப்படி

ஃபேன்டசி பிடிக்கும்னா எஸ்பிஎஃப்பிஓ (SPFBO) போட்டியில இருந்து ஆரம்பிங்க, சொந்தமா வெளியிட்ட ஃபேன்டசி நாவல்களுக்கான போட்டி இது, ஃபேன்டசி எழுத்தாளர் மார்க் லாரன்ஸ் 2015ல தொடங்கினது, பெரும்பாலும் 300 புக்ஸை 10 ரிவ்யூ டீமுக்கு பிரிச்சுக் கொடுத்து டீமுக்கு ஒண்ணா 10 ஃபைனலிஸ்ட் எடுத்தாங்க, ஜெயிச்சதை மட்டும் பாக்காம மிச்ச ஒன்பதையும் பாருங்க, எனக்கு அதுலதான் நல்லது நிறைய சிக்கிச்சு. சயின்ஸ் ஃபிக்ஷனுக்கும் இதே மாதிரி எஸ்பிஎஸ்எஃப்சி (SPSFC)னு ஒரு போட்டி 2021ல வந்துச்சு. காதல், க்ரைம், ஹாரர்னா ஸ்மாஷ்வேர்ட்ஸ்ங்கிற ஆன்லைன் இ-புக் கடையில வகை வாரியா தேடலாம்.

அட்டை சுமாரா இருக்குன்னு ஒதுக்கிடாதீங்க ப்ளீஸ். சாம்பிளை டவுன்லோட் பண்ணி முதல் அத்தியாயம் படிங்க, ரெண்டு பேர் பேசிக்கிற இடம் எப்படி இருக்குன்னு கவனிங்க, எழுத்து தேறுமா தேறாதான்னு அங்கயே தெரிஞ்சிடும். பிடிச்சிருந்தா நாலு வரி ரிவ்யூ கண்டிப்பா போடுங்க, விளம்பரத்துக்கு காசில்லாம எழுதுறவங்களுக்கு அது ரொம்பப் பெரிய விஷயம்.